செல்ல முயலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அளந்து முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

முயல் கூண்டு என்று விற்கப்படுபவற்றில் 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் கொண்டது பரவலாகக் கிடைக்கும். அதன் தரைப் பரப்பு ஐந்தரை சதுர அடிக்கும் குறைவு. அதற்குள் ஒரு கழிவுத் தட்டு மூன்று சதுர அடியை எடுத்துக்கொள்ளும், ஒளிந்து படுக்க ஒரு பெட்டி இரண்டரை சதுர அடியை எடுத்துக்கொள்ளும். கணக்கு அத்துடன் முடிந்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்துக்கும் இடமில்லை, முயலுக்கும் இடமில்லை. அட்டைப்பெட்டியில் முயல் படம் போட்டிருப்பதால் அது முயலுக்கு ஏற்ற அளவு ஆகிவிடாது.

முயல் ஓடுவதற்கென்றே அமைந்த உடல்வாகு கொண்ட விலங்கு. ஓடவும் குதிக்கவும் வழியில்லாத முயலுக்கு எலும்புகள் வலுவிழக்கும், தசை கரையும், கொழுப்பு ஏறும். குடல் இயக்கம் மந்தமாகும், சிறுநீர்ப்பையில் சுண்ணச் சேறு தங்கும். இவை எதுவும் முதல் மாதத்தில் தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். அதனால் கூண்டின் அளவை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், முயலை அளந்து எடுக்க வேண்டும்.

படி 1: வளர்ந்த பிறகு எவ்வளவு எடை இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எட்டு வாரக் குட்டி உள்ளங்கையில் அடங்கும். அந்த அளவைப் பார்த்துக் கூண்டு வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நெதர்லாந்து ட்வார்ஃப் வளர்ந்தால் சுமார் 1 கிலோ, ஹாலந்து லாப் 1.5 முதல் 2 கிலோ வரை. நியூசிலாந்து வெள்ளை 4 முதல் 5 கிலோ வரும், ஃப்ளெமிஷ் ஜெயன்ட் 6 கிலோவைத் தாண்டும். சிறிய இனங்கள் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முழு வளர்ச்சி அடையும். பெரிய இனங்களுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். கலப்பினக் குட்டி என்றால் தாயையும் தந்தையையும் பார்த்து, இரண்டில் பெரியதன் அளவை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

சிறிய இனத்துக்குச் சிறிய இடம் போதும் என்று நினைக்க வேண்டாம். ட்வார்ஃப் வகை முயல்கள் பெரிய இனங்களைவிடத் துடிப்பானவை. படுக்கையும் கழிவுத் தட்டும் சிறிதாக இருக்கலாம், ஓடும் இடம் குறையக் கூடாது.

படி 2: முயலை அளந்து பாருங்கள்

மூன்று அளவுகள் தேவை. முதலாவது, முயல் பக்கவாட்டில் சாய்ந்து கால் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து பின்னங்கால் விரல் நுனி வரை உள்ள நீளம். அது தானாகப் படுக்கும்வரை காத்திருங்கள். பிடித்து நீட்டி அளக்கக் கூடாது, முயலின் முதுகெலும்பு எளிதில் முறியக்கூடியது. இரண்டாவது, பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும்போது காது நுனி வரை உள்ள உயரம். கையில் ஒரு கொத்தமல்லித் தழையை உயர்த்திக் காட்டினால் நிற்கும். பின்னாலுள்ள சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டால் அளப்பது எளிது. லாப் வகைக்குக் காது தொங்குவதால் தலை உச்சி வரை எடுத்தால் போதும்.

மூன்றாவது, ஒரு தாவலின் நீளம். வழுக்காத விரிப்பில் அளவு நாடாவை நீளமாக விரித்து வைத்து, அதன் பக்கத்தில் முயல் போவதை மொபைலில் வீடியோ எடுங்கள். பின்னங்கால் பதிந்த இடத்திலிருந்து அடுத்து அது பதியும் இடம் வரை ஒரு தாவல். நிதானமாகப் போகும்போது எடுத்த அளவையே கணக்கில் வையுங்கள். விரட்டினால் வரும் அளவு வேறு, அப்படி விரட்டவும் கூடாது.

நடுத்தர உடல்வாகுள்ள முயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படுத்த நீளம் 18 அங்குலம், நின்ற உயரம் 24 அங்குலம், தாவல் 20 அங்குலம். மூன்று தாவலுக்கு 60 அங்குலம், அதோடு உடல் நீளம் 18. மொத்தம் 78 அங்குலம், அதாவது ஆறரை அடி. தட்டுமுட்டு எதுவும் குறுக்கே இல்லாத நேர்கோட்டில் இவ்வளவு நீளம் வேண்டும். மூன்று தாவல் என்பது பழைய குறைந்தபட்சக் கணக்கு. அந்த நீளத்தில் முயல் நகரும், ஆனால் வேகமெடுத்து ஓட முடியாது.

படி 3: தரைப் பரப்பை முடிவு செய்யுங்கள்

பிரிட்டனில் முயல் நலனுக்காக இயங்கும் ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட் அமைப்பு, ஒரு ஜோடி முயலுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்று பரிந்துரைக்கிறது. அடிக் கணக்கில் சுமார் 10 × 6½ × 3¼. பரப்பளவு 65 சதுர அடியை ஒட்டி வரும். பெரிய இனமாக இருந்தால் இதை ஆரம்ப அளவாக வைத்து மேலே கூட்டுங்கள். நின்ற உயரம் 3 அடியை நெருங்கும் முயலுக்கு மூடிய கூரை வேண்டாம், அல்லது கூரையை இன்னும் உயர்த்துங்கள்.

இந்தப் பரிந்துரையில் எண்களைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அது ஒரே தொடர்ச்சியான தரை. இரண்டடுக்குக் கூண்டில் கீழே 5 × 2 அடி, மேலே 5 × 2 அடி என்றால் 20 சதுர அடி என்று விற்பவர் கணக்குச் சொல்வார். முயலுக்கு ஓடக் கிடைப்பது ஐந்தே அடி. மேல்தளம் ஏறிப் பார்க்கவும் படுக்கவும் நல்ல இடம்தான், அதை ஓடும் தரையில் சேர்க்க முடியாது.

இன்னொன்று, அந்த இடம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். "பகலில் ரெண்டு மணி நேரம் வெளியே விடுகிறோம், மீதி நேரம் கூண்டில் இருந்தால் என்ன?" என்று பலரும் கேட்பார்கள். முயல் அதிகம் ஓடியாடுவது விடியலுக்கு முன்னும் பின்னும், பிறகு பொழுது சாயும் வேளையில். நடுப்பகலில் அது தூங்கும். நமக்கு வசதியான நேரத்தில் திறந்துவிட்டு, அதற்கு ஓட வேண்டிய நேரத்தில் பூட்டி வைத்தால், திறந்துவிட்ட நேரமும் பயன்படாமல் போகிறது. கூண்டைப் படுக்கையறையாக வையுங்கள். அதன் கதவு எப்போதும் ஓடும் இடத்துக்குத் திறந்தே இருக்கட்டும்.

இரண்டு முயலுக்கு இரண்டு மடங்கு இடம் தேவையில்லை, ஏனென்றால் இரண்டும் எல்லா இடத்தையும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் இடம் நெருக்கமாக இருந்தால் நல்ல ஜோடிக்குள்ளும் சண்டை வரும், ஒன்று விலகிப் போக வழியில்லாததால் கடியில் முடியும். கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும் சேர்ந்த ஜோடிதான் பொதுவாக நிலைத்து நிற்கும். ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரங்களுக்குக் கருவுறச் செய்யும் திறன் இருக்கும், அதனால் மருத்துவர் சொல்லும் காலம் வரை பிரித்து வைக்க இடம் ஒதுக்குங்கள்.

படி 4: எந்த அமைப்பு? பேனலா, மரக்கூண்டா, அறையா?

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு மடக்கும் கம்பித் தடுப்பு பேனல்களே சிறந்தவை. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கப்படும் இவை பெரும்பாலும் எட்டு பேனல் கொண்ட தொகுப்பாக வரும், ஒவ்வொன்றும் 2 அடி அகலம். ஒரே தொகுப்பை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, கிடைக்கும் இடம் நான்கு மடங்கு வரை மாறும்.

அறையின் நடுவே சதுரமாக நிறுத்தினால் 4 × 4, வெறும் 16 சதுர அடி. ஒரு சுவரை ஒட்டி, நீளத்துக்கு நான்கு பேனலும் பக்கத்துக்கு இரண்டிரண்டும் வைத்தால் 8 × 4, அதாவது 32. அறை மூலையில் இரண்டு சுவர்களைப் பயன்படுத்தி நான்கும் நான்குமாக வைத்தால் 8 × 8, அதாவது 64 சதுர அடி. ஐந்தும் மூன்றுமாக வைத்தால் 10 × 6, பரப்பு 60தான், ஆனால் ஓட்டத்துக்கு 10 அடி நேர்கோடு கிடைக்கும். நான்கு சதுர அடி குறைந்தாலும் ஓட்டத்துக்கு நல்லது இந்த வடிவம்தான்.

சுவரைப் பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முயல் சுவர்ப் பூச்சையும் மரச் சட்டத்தையும் கொறிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு பிளைவுட் பலகையோ கனமான அக்ரிலிக் தகடோ சாய்த்து நிறுத்துங்கள். மின்கம்பி, பிளக், சார்ஜர் எதுவும் அந்தச் சுவரில் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. பேனலின் இரு முனைகளையும் சுவரில் கொக்கி அடித்து மாட்டிவிடுங்கள். வெறுமனே சாய்த்து வைத்தால் முயல் மூக்கால் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும், அல்லது இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

பேனல் உயரம் 3 அடி இருக்கட்டும். இரண்டடிப் பேனலைப் பல முயல்கள் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். ஒளியும் பெட்டியைப் பேனலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஏணியாகிவிடும், அதனால் பெட்டிகளைச் சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். கம்பி இடைவெளி 1 அங்குலத்துக்கு மேல் போனால் குட்டியும் சிறிய இன முயலும் தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். அகலமான இடைவெளிப் பேனல் ஏற்கெனவே கையில் இருந்தால் உள்பக்கம் அரை அங்குல வலையைக் கட்டிக்கொள்ளலாம்.

மரக்கூண்டு என்றால் அதைத் தனியாக வாங்காமல், ஓடும் அடைப்போடு சேர்த்துத் திட்டமிடுங்கள். 6 × 2 × 2 அடிக் கூண்டு படுக்கையறைக்குப் போதும், அதுவும் ஓடும் அடைப்பு நிரந்தரமாக இணைந்திருந்தால் மட்டும். முன்பக்கம் முழுதும் திறக்கும் கதவு வேண்டும். ஒரு சாண் கதவு வழியாக மூலைமுடுக்கைச் சுத்தம் செய்ய முடியாது, அதன் வழியாக முயலைப் பிடித்து இழுத்தால், பிறகு கை பட்டாலே அது பயப்படும். ஒரு அறையையே விட்டுவிட முடிந்தால் அதுவே மேல், கொறிக்கத் தகாதவற்றை அப்புறப்படுத்தினால் போதும்.

ஏற்கெனவே சிறிய கூண்டு வாங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கதவைக் கழற்றிவிட்டு அடைப்புக்குள் வைத்து, கழிவுத் தட்டும் உலர்புல்லும் வைக்கும் இடமாக்குங்கள். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் அசையாமல் வைக்க மருத்துவர் சொன்னால் அப்போதும் உதவும்.

படி 5: தரையைச் சரிசெய்யுங்கள்

நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. ரோமம் மட்டும்தான். கம்பித் தரையில் நாள் முழுக்க நின்றால் எடை முழுதும் மெல்லிய கம்பிகளில் விழுந்து, பின்னங்காலின் அடியில் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். ஆழமாகப் போனால் எலும்பு வரை பாதிக்கும், ஆறவும் நீண்ட காலம் எடுக்கும். பெரிய இனங்களுக்கும் எடை கூடிய முயல்களுக்கும் இது விரைவில் வரும். கூண்டில் கம்பித் தரை இருந்தால் எடுத்துவிடுங்கள், எடுக்க முடியாவிட்டால் முழுவதுமாகப் பலகை போட்டு மேலே விரிப்பு போடுங்கள்.

வழவழப்பான டைல்ஸ் தரை வேறு வகையில் தொல்லை. கால் வழுக்குவதால் முயல் ஓடாமல் ஒரே விரிப்பில் உட்கார்ந்துவிடும். 60 சதுர அடி கொடுத்தும் முயல் மூலையிலேயே இருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். தரைக்கு வினைல் ஷீட், அதன்மேல் ஓடும் பாதை முழுக்கக் குட்டை இழை கொண்ட பருத்தி விரிப்பு. சுருள் சுருளாக இழை நிற்கும் துண்டு வகை வேண்டாம், நகம் மாட்டும். புதிர்த்துண்டு போல் இணையும் ஃபோம் பாயையும் தவிர்த்துவிடுங்கள். விளிம்பைக் கடித்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

படி 6: உள்ளே வைப்பவற்றின் அளவு

கழிவுத் தட்டு முயல் முழுசாக ஏறித் திரும்பும் அளவு இருக்க வேண்டும். நடுத்தர முயலுக்கு 18 × 24 அங்குலம் நல்லது, ஜோடி இரண்டும் ஒன்றாக ஏறும். மூலையில் மாட்டும் முக்கோணத் தட்டு மிகச் சிறியது, பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு சிறுநீர் தரையில் போகும். முயல் புல் தின்றுகொண்டே புழுக்கை போடும், ஆகவே உலர்புல் தட்டுக்குள்ளேயே ஒரு பக்கம் குவிந்திருக்கட்டும். உணவில் பெரும்பங்கு உலர்புல்தான் என்பதால் அந்தக் குவியலுக்கும் சேர்த்தே தட்டின் நீளத்தைக் கணக்கிடுங்கள். அடியில் காகிதத் துகளோ மரத்துகள் உருண்டையோ போடலாம். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் கூடாது, விழுங்கினால் வயிற்றிலும் கட்டியாகும். வயதான முயலுக்குத் தட்டின் ஏறும் பக்கம் 3 அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம்.

ஒளியும் பெட்டி 24 × 15 அங்குலம், 12 அங்குல உயரம். வாசல் இரண்டு வையுங்கள். ஒரே வாசல் இருந்தால் வலிமையான முயல் வாசலில் நின்று மற்றதை உள்ளே சிறைவைத்துவிடும். நடுத்தர முயலுக்கு வாசல் அகலம் 6 முதல் 7 அங்குலம், பெரிய இனத்துக்கு 9 முதல் 10. முயல்களின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருந்தால் சச்சரவு குறையும். கடினமான அட்டைப்பெட்டியே போதும், கொறித்துத் தீர்த்ததும் மாற்றிக்கொள்ளலாம். டேப்பையும் ஸ்டேப்பிள் பின்னையும் முதலில் பிடுங்கிவிடுங்கள்.

மேடை வைப்பதானால் 12 அங்குல உயரம் பெரும்பாலான முயல்களுக்கு வசதி. அதற்குச் சாய்வுப் பலகையின் நீளம் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அகலம் 10 அங்குலம், மூன்று அங்குலத்துக்கு ஒரு குறுக்குப் பட்டை. கடைக் கூண்டுகளில் வரும் ஏணி இதைவிடச் செங்குத்தானது, இறங்கும்போதுதான் கால் பிசகும்.

இவை எல்லாவற்றையும் தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். வரைந்த பிறகு, படி 2-இல் கிடைத்த நேர்கோட்டு நீளம் தடையில்லாமல் மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் பொருட்களை இரண்டு முனைகளுக்கு நகர்த்துங்கள். அப்படியும் மிஞ்சாவிட்டால் இன்னும் பேனல் வேண்டும்.

படி 7: எங்கே வைப்பது

முயலுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இதமான வெப்பநிலை. அதற்கு வியர்க்காது, உடல் வெப்பத்தைப் பெரிதும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 28 டிகிரியைத் தாண்டும்போதே கவனம் தேவை. 30-க்கு மேல், அதுவும் காற்றோட்டமில்லாத இடத்தில், வெப்பத்தாக்கு உயிரைப் பறிக்கும். காலையில் நிழலாக இருக்கும் மூலையில் பிற்பகலில் வெயில் விழலாம், அதனால் இடத்தை முடிவு செய்யும் முன் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். தெர்மாமீட்டரைத் தரையோடு வைத்து அளக்க வேண்டும், முயல் இருப்பது அங்கேதான். வெப்ப நாட்களில் படுக்க ஒரு செராமிக் டைல்ஸும், துணி சுற்றிய உறைந்த தண்ணீர் பாட்டிலும் வையுங்கள்.

ஒரு பக்கமாவது திறப்பில்லாத சுவராக இருந்தால் முயல் நிம்மதியாக இருக்கும். தொலைக்காட்சி, ஸ்பீக்கர், நாய் வந்து மோப்பம் பிடிக்கும் கதவோரம் ஆகியவற்றைத் தவிருங்கள்.

படி 8: வெளியில் வைப்பதானால்

கோழி வலை நாயையும் கீரியையும் வெளியே தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் மெஷ், கம்பித் தடிமன் 1.2 மி.மீ. அல்லது அதற்கு மேல். வலையைச் சட்டத்தின் உள்பக்கம் அடித்தால் மரத்தைக் கொறிப்பதும் குறையும். ஸ்டேப்பிள் மட்டும் போதாது, பெரிய வாஷர் வைத்து ஸ்க்ரூ போடுங்கள், ஏனெனில் நாய் இழுக்கும்போது முதலில் பிய்வது ஸ்டேப்பிள்தான்.

மேலே கூரை கட்டாயம். கீழே, மண் தரையென்றால் வலையை அடைப்பின் விளிம்பிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி தரையோடு படுக்கப் போட்டு ஆணி அடித்து மண் மூடுங்கள். உள்ளிருந்து தோண்டும் முயலுக்கும் வெளியிலிருந்து தோண்டும் விலங்குக்கும் இரண்டுக்கும் தடை. அடைப்பின் தரை முழுக்க வலை விரித்தாலும் தோண்டுவது நிற்கும், ஆனால் அதன்மேல் கனமாக மண்ணோ புல்வெளியோ இருக்க வேண்டும், வெறும் வலையில் கால் படக் கூடாது. தோண்ட ஆசை உள்ள முயலுக்கு மண் நிரப்பிய ஆழமான தொட்டி ஒன்றைக் கொடுத்துவிடலாம். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், பூட்டும் வகையாக. சுழலும் மரத் துண்டுத் தாழ் எந்த விலங்குக்கும் பொருட்டல்ல.

படி 9: குடியேற்றிய பிறகு கவனிக்க வேண்டியவை

புதிய பெரிய இடத்தில் சில முயல்கள் முதல் சில நாட்கள் ஒளியும் பெட்டியைவிட்டு வராது. பெட்டிக்கும் புல்லுக்கும் இடையே விரிப்பு போட்டு வையுங்கள், தானே தூரத்தைக் கூட்டிக்கொள்ளும். மறைவே இல்லாத வெட்டவெளித் தரை முயலுக்கு ஆபத்தாகத் தெரியும். நடுவில் ஒரு சுரங்கக் குழாய் வைத்தால் அதைக் கடந்து ஓடத் தொடங்கும்.

இடம் போதவில்லை என்பதற்கு அறிகுறிகள் தெளிவானவை. கம்பியை விடாமல் கடித்தல், கை நுழைத்தால் பாய்ந்து தாக்குதல், திறந்துவிட்டதும் வெறிபிடித்ததுபோல் வட்டமடித்தல், தன் ரோமத்தையோ துணையின் ரோமத்தையோ பிடுங்குதல், கழிவுத் தட்டுக்கு வெளியே எங்கும் சிறுநீர். வாரம் ஒருமுறை பின்னங்காலைத் தூக்கிப் பாருங்கள். ரோமம் விலகிச் சிவப்பு தெரிந்தால் முதலில் மாற்ற வேண்டியது தரை. பின்பகுதி ரோமத்தில் கழிவு ஒட்டியிருந்தால் எடை கூடியிருக்கலாம், தன்னைத் தானே சுத்தம் செய்ய வளைய முடியாமல் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் கூண்டைப் பற்றி யோசிக்க நேரமில்லை, உடனே முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குட்டியாக வாங்கியதென்றால் ஆறு மாதத்தில் ஒருமுறையும், பெரிய இனமென்றால் ஓராண்டு முடிவிலும் படி 2-இன் மூன்று அளவுகளையும் திரும்ப எடுங்கள். நின்ற உயரமும் தாவலும் கூடியிருந்தால் பேனலைச் சேர்த்து நேர்கோட்டை நீட்டுங்கள், பெட்டி வாசலையும் அகலப்படுத்துங்கள்.